கம்பைலருக்குள் வழி கண்டுபிடித்தல்



பார்சர் எழுதுவது எப்படி, ரெஜிஸ்டர்களைப் பங்கிடுவது எப்படி என்று சொல்லித்தர நல்ல பாடநூல்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது அதற்கு முந்தைய வேலையைப் பற்றி. இருபது, முப்பது ஆண்டுகளாகப் பல நூறு பேர் கைபட்ட ஒரு கம்பைலரின் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வசதி செய்துகொள்ளும் வேலை அது. எனக்குத் தெரிந்த எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு இடமில்லை. கம்பைலர் பக்கம் ஆசையோடு வரும் மாணவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே திரும்பிப் போகிறார்கள். கோட்பாடு புரியாமல் போகிறவர்கள் குறைவு. தேடியது கிடைக்காமல் போகிறவர்களே அதிகம் என்பது என் அனுபவம். அந்த இழப்பு தேவையற்றது என்று நான் உறுதியாக நம்புவதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பொதுவாகப் பேசினால் பயனில்லை. ஒரு கம்பைலரைக் கையில் எடுத்துக்கொள்வோம். எல்எல்விஎம். 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும் தொடங்கிய திட்டம். அதன் சி, சி++ முன்பகுதிதான் கிளாங். 2019இல் இவை எல்லாம் ஒரே கிட் களஞ்சியமாகி கிட்ஹப்புக்கு வந்தன. இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியபின் என்ன செய்வது?

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குங்கள். அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினால், ‘யூஸ் ஆஃப் அன்டிக்ளேர்ட் ஐடென்டிஃபையர்’ என்று கிளாங் சொல்லி, பக்கத்தில் அந்த மாறியின் பெயரையும் போடுகிறது. இந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது? மாறியின் பெயரையும் சேர்த்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் நிரலில் அந்தப் பெயரின் இடத்தில் ஒரு இடக்குறிதான் இருக்கும். வாக்கியத்தை மட்டும் தேடினால், டயக்னாஸ்டிக்செமாகைண்ட்ஸ் என்ற கோப்பில் கிடைக்கும். அது சி++ கோப்பு அல்ல. டேபிள்ஜென் என்று எல்எல்விஎம்காரர்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஒரு மொழியில் எழுதியது. அங்கே இந்த வாக்கியத்துக்கு ‘எர்_அன்டிக்ளேர்ட்_வார்_யூஸ்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைத் தேடினால் செமா என்ற பகுதிக்குள், டயக்னோஸ்எம்ப்டிலுக்அப் என்ற ஃபங்ஷனில் போய் நிற்பீர்கள். பெயரைத் தேடி எதுவும் கிடைக்காத பிறகு, எழுத்துப் பிழையோ என்று யோசித்து, கடைசியில் பிழைச்செய்தி தரும் வேலை அங்கேதான் நடக்கிறது.

மூன்று தாவல்தான். ஆனால் இரண்டு மொழிகளைக் கடந்திருக்கிறோம். கம்பைலர் நிரல் மற்றப் பெரிய நிரல்களிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். கம்பைலர் எழுதுகிறவர்கள் ஒரே மாதிரியான வேலையைக் கையால் திரும்பத் திரும்ப எழுத மாட்டார்கள். எழுதித்தர ஒரு நிரலை எழுதிவிடுவார்கள். அதனால் நீங்கள் வாசிக்கும் பெயர்களில் பல மனிதக் கை தட்டச்சு செய்தவை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டு கருவிகளைப் பார்ப்போம்.

பழைய கருவி சிடேக்ஸ். பெர்க்லி யூனிக்ஸ் காலத்தில் கென் ஆர்னல்டு எழுதியது. கோப்புகளை வரிவரியாகப் படித்து, எந்தப் பெயர் எந்தக் கோப்பில் எந்த இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுத் தரும். பெல் ஆய்வகத்தில் ஜோ ஸ்டெஃபன் எழுதிய சிஸ்கோப் இன்னும் ஒரு படி மேலே போனது: இந்த ஃபங்ஷனை யார் அழைக்கிறார்கள், இது யாரை அழைக்கிறது என்றும் கேட்கலாம். 2000இல் அது திறந்த மூலமாக வெளிவந்தது. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சிடேக்ஸின் இன்றைய வாரிசு யுனிவர்சல் சிடேக்ஸ்.

சங்க நூல்களுக்கு அறிஞர்கள் தொகுத்த சொல்லடைவுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று அவை காட்டும். அந்த இடத்தில் அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதற்கு உரையாசிரியரிடம்தான் போக வேண்டும். சிடேக்ஸ் சொல்லடைவு. ‘ரன்’ என்ற பெயரை எல்எல்விஎம்மில் அதனிடம் கேட்டால் நூற்றுக்கணக்கில் கொட்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஆப்டிமைசேஷன் பாஸுக்கும் ஒரு ‘ரன்’ உண்டு. உங்கள் கர்சர் நிற்கும் வரியில் எந்த ‘ரன்’ என்று அதற்குத் தெரியாது. சி++ நிரலில் அதைத் தெரிந்துகொள்ள முழு இலக்கணமும் வேண்டும்; அதாவது ஒரு கம்பைலரே வேண்டும்.

அந்த உரையாசிரியர்தான் கிளாங்டி. கிளாங்கையே உள்ளே வைத்துக்கொண்டு, எடிட்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சேவை நிரல் அது. 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையில் பேசுகிறது. அதனால் விஎஸ் கோட், விம், ஈமாக்ஸ் எதில் வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். எந்த எடிட்டர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எந்த எடிட்டர் ஆனாலும் பின்னால் இருப்பது ஒரே கிளாங்டி.

கிளாங்டியை நிறுவுவது ஒரு நிமிட வேலை. அதற்கு என்ன உணவு போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சி++ கோப்பைப் புரிந்துகொள்ள, அது எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்று கிளாங்டிக்குத் தெரிய வேண்டும். ஹெடர் கோப்புகள் எங்கே, எந்த மேக்ரோக்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன, சி++இன் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் அந்தக் கட்டளையில்தான் இருக்கின்றன. கோப்பு ஒன்றுக்கு ஒரு கட்டளை என்று தொகுத்த பட்டியலுக்கு கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் என்று பெயர். சிமேக் கருவியிடம் கேட்டால் எழுதித்தரும். எல்எல்விஎம்மின் சிமேக் கோப்பிலேயே அது இயக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிஞ்சா அல்லது மேக்குக்கான பில்டு கோப்புகளைச் சிமேக்கிடம் கேட்டால்தான் அது உருவாகும். விஷுவல் ஸ்டுடியோ திட்டமாகவோ எக்ஸ்கோட் திட்டமாகவோ உருவாக்கினால் வராது. பில்டு அடைவில் பிறக்கும் இந்தக் கோப்பை, மூல நிரலின் உச்சியில் ஒரு சிம்லிங்க் போட்டுக் காட்டிவிடுங்கள். களஞ்சியத்தின் உச்சியிலேயே ‘பில்டு’ என்ற பெயரில் அடைவு வைத்திருந்தால் கிளாங்டி தானாகவே கண்டுகொள்ளும்.

இதோடு முடிந்தது என்று எடிட்டரைத் திறந்தால் கோப்பு முழுக்கச் சிவப்புக் கோடுகளாக இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் கைவிடும் இடம் இது. கருவியில் கோளாறு இல்லை. டேபிள்ஜென் உருவாக்க வேண்டிய கோப்புகள் இன்னும் உருவாகவில்லை. சி++ கோப்பு அவற்றை இன்க்ளூடு செய்கிறது. கோப்பே இல்லாதபோது அதில் இருக்க வேண்டிய பெயர்கள் எதுவும் கிளாங்டிக்குத் தெரிவதில்லை. எனவே இன்டெக்ஸ் போடும் முன்பு ஒரு முறையாவது பில்டு செய்யுங்கள். முழுவதும் வேண்டாம், மடிக்கணினியில் அது நெடுநேரம் பிடிக்கும் என்றால், ‘கிளாங்-டேபிள்ஜென்-டார்கெட்ஸ்’ என்ற இலக்கை மட்டும் நிஞ்சாவிடம் கேளுங்கள். கிளாங்கின் நிரலை வாசிக்கத் தேவையான, டேபிள்ஜென் உருவாக்கும் கோப்புகள் வந்துவிடும்.

மடிக்கணினி என்றதும் நினைவக விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எட்டு ஜிபி நினைவகத்தோடு எல்எல்விஎம்மை டீபக் பில்டு செய்தால், லிங்க் செய்யும் கட்டத்தில் கணினி திணறி நிற்கும். வழிகள் உண்டு. எல்லா ப்ராசசர்களுக்கும் பில்டு செய்யாமல் எக்ஸ்86 ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் லிங்க் வேலைகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறையுங்கள். அதற்கென்றே சிமேக்கில் ஒரு அமைப்பு இருக்கிறது. லிங்கராக எல்எல்டியைப் பயன்படுத்துங்கள். கிளாங்டி பின்னணியில் இன்டெக்ஸ் போடும்போது எத்தனை இழைகள் ஓடலாம் என்பதையும் கட்டுப்படுத்தலாம். முதல் இன்டெக்ஸுக்கு நேரமாகும். பிறகு அது மூல அடைவின் கேஷில் இருக்கும், மாறிய கோப்புகள் மட்டும் மறுபடி படிக்கப்படும். பெரிய கணினி இருப்பவர்களுக்குத்தான் கம்பைலர் என்ற நினைப்பு வேண்டாம்.

ஆனால் எக்ஸ்86 ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு விலை உண்டு. பட்டியலில் இல்லாத, பட்டியலிலுள்ள கோப்பு எதுவும் இன்க்ளூடு செய்யாத கோப்பு கிளாங்டியின் இன்டெக்ஸில் இருக்காது. ஏதாவது ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற எண்ணி, யார் யார் அழைக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். பத்து இடம் காட்டுகிறது. ஆர்ம் பகுதியிலும் ரிஸ்க்-வி பகுதியிலும் இன்னும் எத்தனையோ இடங்கள் இருக்கலாம். அவற்றை நீங்கள் பில்டில் சேர்க்கவில்லை, அதனால் கருவிக்கு அவை இல்லாதவை. அதே போல இன்னொன்று: அசெர்ஷன்களை அணைத்துவிட்டுப் பில்டு செய்தால், ‘எல்எல்விஎம்_டீபக்’ மேக்ரோவுக்குள் இருக்கும் நிரல் எல்லாம் காற்றாகிவிடும். ஐஃப்டெஃப் கட்டுகளுக்குள் இருக்கும் ‘டம்ப்’ ஃபங்ஷன்களும் அப்படித்தான். வாசிக்க வருகிறவருக்கு மிகவும் உதவும் பகுதிகளே அவைதாம். ரிலீஸ் பில்டு ஆனாலும் அசெர்ஷன்களை இயக்கி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஹெடர் கோப்புகளுக்குப் பட்டியலில் இடமே இல்லை, ஏனென்றால் அவை தனியாகக் கம்பைல் ஆவதில்லை. பெயர் ஒத்துப்போகும் பக்கத்துக் கோப்பின் கட்டளையைக் கடன் வாங்கிக் கிளாங்டி சமாளிக்கிறது. பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் டாட் டெஃப், டாட் இன்க் என்று முடியும் துண்டுக் கோப்புகளை நேரடியாகத் திறந்தால் சிவப்பாகத்தான் இருக்கும். அவை இன்னொரு கோப்பின் நடுவில் செருகப்படுவதற்காகவே எழுதியவை. அங்கே தெரியும் பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி, எல்லாம் சரியாக அமைந்தபின்னும் கருவிக்குத் தெரியாத இடங்கள். எனக்கு இந்தச் சொற்பொழிவின் முக்கியமான பகுதி இதுதான்.

சி மொழியின் ‘இஃப்’ என்ற சொல்லைக் கிளாங் எப்படி அடையாளம் காண்கிறது? பார்சரில் ‘கேடபிள்யூ_இஃப்’ என்ற பெயர் வரும். அதன் வரையறையைக் கிரெப் என்ற சொல்தேடல் கருவியால் தேடுங்கள். கிடைக்காது. டோக்கன்கைண்ட்ஸ் டெஃப் என்ற கோப்பில் ‘கீவேர்ட்’ என்ற மேக்ரோவுக்குள் ‘இஃப்’ என்று மட்டும் எழுதியிருக்கும். முன்னால் ‘கேடபிள்யூ_’ என்பதை ஒட்டுவது மேக்ரோவின் வேலை. அந்த ஒரே கோப்பை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மேக்ரோ வரையறையோடு இன்க்ளூடு செய்து, ஓரிடத்தில் ‘எனம்’ என்ற எண்ணிட்ட பெயர்ப்பட்டியலாகவும் இன்னோரிடத்தில் பெயர்களின் சரப்பட்டியலாகவும் ஆக்கிக்கொள்கிறார்கள். கிளாங்டிக்கு இது தெரியும், ஏனென்றால் அது மேக்ரோவை விரித்துப் பார்க்கிறது. தாவச் சொன்னால் சரியான வரிக்குக் கொண்டுபோகும். இங்கே கிரெப் தோற்கிறது, கிளாங்டி வெல்கிறது.

அடுத்ததில் இரண்டும் தோற்கும். இன்ஸ்ட்கம்பைன் என்ற பாஸ், கணக்குகளைச் சுருக்கி எழுதும் பாஸ். ஒரு எண்ணை அதனோடேயே கூட்டினால் அதை இடப்பக்கம் ஒரு பிட் நகர்த்துவதாக மாற்றுவது போன்ற வேலைகள். கூட்டல் வந்தால் ‘விசிட்ஆட்’ என்ற ஃபங்ஷன் ஓடுகிறது. சரி, ‘விசிட்ஆட்’டை யார் அழைக்கிறார்கள்? கிளாங்டியைக் கேட்டால் அறிவிப்பையும் வரையறையையும் காட்டும். அழைக்கும் இடத்தைக் காட்டாது. கிரெப்பும் காட்டாது. யாரும் அழைக்காத ஃபங்ஷன் போலவே அது தோன்றும். உண்மையில் இன்ஸ்ட்ரக்ஷன் டெஃப் என்ற கோப்பில் ‘ஆட்’ என்று ஒரு வரி இருக்கிறது. இன்ஸ்ட்விசிட்டர் என்ற டெம்ப்ளேட் அந்தக் கோப்பை இன்க்ளூடு செய்து, ‘விசிட்’ என்பதோடு ‘ஆட்’டை ஒட்டி அழைப்பை உருவாக்குகிறது. பெயர் ஒட்டப்படுவதால் கிரெப்புக்குத் தெரியவில்லை. அழைப்பு டெம்ப்ளேட்டுக்குள் இருப்பதால், எந்த வகுப்பின் ‘விசிட்ஆட்’ என்பது டெம்ப்ளேட் விரியும்போதுதான் முடிவாகிறது. கிளாங்டியின் இன்டெக்ஸ் அந்த விரிவுகளைப் பதிவு செய்வதில்லை. அதனால் அதற்கும் தெரியவில்லை.

இதைத் தெரிந்துகொள்ளாத மாணவர் என்ன செய்வார்? அழைப்பவர் இல்லாத ஃபங்ஷன் என்று ஒதுக்கிவிடுவார், அல்லது கருவியின் மீதே நம்பிக்கை இழப்பார். தெரிந்தவர் அந்த நேரத்தில் டீபகரைத் திறப்பார். ‘விசிட்ஆட்’டில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து, கூட்டல் உள்ள நாலு வரி நிரலை ஓட்டினால், பேக்ட்ரேஸில் பாஸின் ‘ரன்’னிலிருந்து ‘விசிட்’ வழியாக இங்கே வந்த பாதை முழுவதும் வரிசையாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் ஓடிய உண்மைப் பாதை அது, ஊகமே இல்லை. டீபகரைப் பிழை தேடும் கருவியாக மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். கம்பைலரை வாசிக்க அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை. பாஸ்களைப் பதிவு செய்யும் முறையும் இதே வகை: பாஸ்ரெஜிஸ்ட்ரி டெஃப் என்ற கோப்பில் பெயரும் வகுப்பும் ஜோடியாக இருக்கும், மற்றது மேக்ரோவின் வேலை. எல்எல்விஎம்மில் ஒரு பாஸைத் தேடுகிறவர் முதலில் அந்தக் கோப்பைத் திறப்பது நல்லது.

டேபிள்ஜென் கோப்புகளுக்கு என்று தனிக் கருவி இப்போது இருக்கிறது. அதே களஞ்சியத்தில் இருக்கும் எம்எல்ஐஆர் திட்டத்தில் டேபிள்ஜென்னுக்கான லாங்குவேஜ் சர்வர் ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ப்ராசசரின் கட்டளைத் தொகுப்பை விவரிக்கும் கோப்புகளைப் படிக்கிறவர்கள் அதை அமைத்துக்கொள்வது அவசியம். வகுப்புக்கு மேல் வகுப்பாக அடுக்கிய விவரணைகளில் கையால் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தண்டனை.

எல்எல்விஎம் மட்டுமா இப்படி? ஜிசிசியைப் பாருங்கள். 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. சிமேக் இல்லை, பழைய கன்ஃபிகர், மேக் முறை. அதனால் கட்டளைப் பட்டியல் தானாக வராது. பேர் என்ற கருவியை மேக்குக்கு மேலே ஓட்டினால், ஓடும் ஒவ்வொரு கம்பைல் கட்டளையையும் பிடித்துப் பட்டியலாக்கித் தரும். ஒரு கவனம் தேவை. ஜிசிசி வழக்கமாகத் தன்னைத்தானே மூன்று கட்டங்களாகக் கம்பைல் செய்துகொள்ளும். அப்படியே விட்டால் பட்டியலில் ஒவ்வொரு கோப்பும் பல முறை வந்து குழப்பும். வாசிப்பதற்கான பில்டில் பூட்ஸ்ட்ராப்பை அணைத்துவிடுங்கள்.

உருவாக்கப்பட்ட பெயர்கள் ஜிசிசியில் இன்னும் அதிகம். எக்ஸ்86க்கான மெஷின் விவரணைக் கோப்பில் கூட்டலுக்கான பெயரின் நடுவில் ‘மோட்’ என்று ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். எட்டு பிட், முப்பத்திரண்டு பிட் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த இடைவெளி நிரப்பப்பட்டு ஃபங்ஷன்கள் பிறக்கும். முழுப் பெயரைத் தேடினால் விவரணைக் கோப்பில் இருக்காது. பில்டு முடிந்தபின் பிறக்கும் கோப்பில்தான் இருக்கும். இயற்கணித விதிகளை எழுதிய மேட்ச் பிடி என்ற கோப்பும் அப்படியே சி++ ஆக மாற்றப்படுகிறது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். உருவான நிரலில் மூலக் கோப்பின் வரி எண்ணைக் குறித்து வைக்கிறார்கள். விவரமான டம்ப் கேட்டால், எந்த விதி பொருந்தியது, அது மேட்ச் பிடியின் எத்தனையாவது வரி என்று ஜிசிசியே எழுதித்தரும். வாசகனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரல் என்று இதைத்தான் சொல்வேன்.

ரஸ்ட் கம்பைலர் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முன்னால் இருக்கிறது. அங்கே கிளாங்டியின் இடத்தில் ரஸ்ட்-அனலைசர். அந்தக் கம்பைலரை அதற்கு முந்தைய கட்டக் கம்பைலரைக் கொண்டு பில்டு செய்ய வேண்டும் என்பதால், ரஸ்ட்டின் வழக்கமான பில்டு கருவியான கார்கோவின் சாதாரணக் கட்டளை வேலை செய்யாது. அதை உணர்ந்து, அவர்களுடைய எக்ஸ் என்ற பில்டு கருவியிலேயே எடிட்டரை அமைத்துத் தரும் கட்டளையைச் சேர்த்திருக்கிறார்கள். எடிட்டர் பின்னணியில் சரிபார்ப்பதும் நீங்கள் முனையத்தில் பில்டு செய்வதும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தனி அடைவு வைக்கவும் அந்த அமைப்பு ஏற்பாடு செய்கிறது. அங்கும் தெரியாத இடம் உண்டு: ‘டைப்_ஆஃப்’ போன்ற கேள்விகள் ஒரு பெரிய மேக்ரோவுக்குள் அறிவிக்கப்படுகின்றன. பதில் சொல்லும் ஃபங்ஷன், கம்பைலர் தொடங்கும்போது ஒரு அட்டவணையில் பொருத்தப்படுகிறது. வரையறைக்குத் தாவினால் மேக்ரோவில் போய் நிற்பீர்கள். பதில் இருக்கும் இடத்துக்கு ‘ப்ரொவைடர்ஸ்’ என்று தேடிப் போக வேண்டும். பிழைச்செய்தி எங்கே பிறந்தது என்று அறிய, பிழையைக் கோளாறாகக் கருது என்று ஒரு கொடி இருக்கிறது. அதைப் போட்டால் முதல் பிழையிலேயே கம்பைலர் நின்று முழுப் பேக்ட்ரேஸைத் தரும். நாம் கிளாங்கில் மூன்று தாவலில் கண்டதை இங்கே ஒரே கட்டளையில் காணலாம்.

கடைசியாக வரலாற்றைத் தேடுவது பற்றிக் கொஞ்சம். இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு எந்த இன்டெக்ஸும் பதில் சொல்லாது, கிட் சொல்லும். கிட் லாகில் பெரிய எஸ் கொடியோடு ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் எந்த மாற்றத்தில் வந்தது, எதில் போனது என்று காட்டும். கிட் பிளேம் பார்க்கும்போது, இடைவெளியைத் திருத்திய பெரிய மாற்றங்கள் உண்மையான ஆசிரியரை மறைத்துவிடும். அத்தகைய மாற்றங்களின் பட்டியலை எல்எல்விஎம் தன் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பாக வைத்திருக்கிறது. அந்தக் கோப்பைக் கிட் அமைப்பில் ஒரு முறை குறித்துவிட்டால், பிளேம் அவற்றைத் தாண்டிப் போய் எழுதியவரையும் அந்த மாற்றத்தின் அடையாளத்தையும் காட்டும்; அந்த அடையாளத்தைக் கொண்டு அவர் எழுதிய விளக்கத்தைப் படிக்கலாம்.

உங்களில் சிலர் இந்த வாரமே எல்எல்விஎம்மை இறக்கிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று குறியிட்ட வேலைகள் கிட்ஹப்பில் இருக்கின்றன. அவற்றை எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை உங்கள் கைக்கு வரும். அமைக்கும்போது எங்கே தடுமாறினீர்கள், ஆவணத்தில் எந்தப் படி விடுபட்டிருந்தது என்பது புதிதாக வருகிறவருக்குத்தான் தெரியும். பழகியவர்களுக்கு அது கண்ணில் படாது. எல்எல்விஎம்மின் ஆவணங்களும் நிரலோடு சேர்ந்து அதே களஞ்சியத்தில், ‘டாக்ஸ்’ அடைவுகளில்தான் இருக்கின்றன. அந்த விடுபட்ட படியை எழுதி ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். நிரலைத் திருத்தும் மாற்றத்தைப் போலவே அதையும் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள்.